செயின்ட் லூசியாவில் டாலரே போதுமா, உள்ளூர்ப் பணம் வேண்டுமா?

ஒரு வாரம் கரீபியன் தீவான செயின்ட் லூசியா போகிறீர்கள், அமெரிக்க டாலர் மட்டும் கொண்டுபோனால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சமாளிக்கலாம், ஆனால் கொஞ்சம் நஷ்டம்தான்.

அங்கே புழங்குவது கிழக்குக் கரீபியன் டாலர். ஊர்ப் பேச்சில் 'ஈசி' (EC). 1976 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 ஈசி என்று மதிப்பை நிலையாக வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் அந்த 2.70-ஐ அப்படியே தரமாட்டார், 2.60, 2.50 என்று குறைத்துத்தான் கணக்குப் போடுவார். மீதிச் சில்லறையும் ஈசியில்தான் வரும். இறங்கியதும் ஏடிஎம்மில் ஈசி எடுத்துக்கொள்வது நல்லது. இந்திய கார்டு என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள்.

இதைவிட முக்கியமானது, விலை கேட்கும்போதே "ஈசியா, யூஎஸ்ஸா?" என்று கேட்டுவிடுவது. டாக்சிக்காரர் "நாற்பது" என்றால் பெரும்பாலும் அமெரிக்க டாலர். தலைநகர் காஸ்ட்ரீஸ் சந்தையில் மசாலா விற்கும் அம்மா சொல்லும் நாற்பது ஈசியாக இருக்கும். ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம்! வண்டியில் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

ஓட்டலில் கார்டு போதும். கார்டு இயந்திரம் எந்த நாணயம் என்று கேட்டால் ஈசியைத் தேர்ந்தெடுங்கள். மினிபஸ்ஸுக்கும் குரோஸ் ஐலட் ஊரின் வெள்ளி இரவுத் தெருக்கடைகளுக்கும் சின்ன நோட்டுகள் வேண்டும். உணவகப் பில்லில் 10 சதவீத சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள்.

அப்புறம், மிஞ்சும் ஈசியை அங்கேயே செலவழித்துவிடுங்கள். அடுத்து கிரெனடா, டொமினிக்கா தீவுகளுக்குப் போவதானால் அங்கும் அது செல்லும். படகில் பிரெஞ்சுத் தீவான மார்ட்டினிக் போனால் யூரோதான்.