பெஞ்ச் கார்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? என்பிஏ ஃப்ரீ ஏஜென்சி கேள்வி பதில்

(என்பிஏ என்பது அமெரிக்கக் கூடைப்பந்து லீக். கார்டு என்றால் பந்தைக் கொண்டுவந்து வெளிவட்டத்தில் ஆடுபவர், பெஞ்ச் கார்டு மாற்று வீரராக இறங்குபவர். ஃப்ரீ ஏஜென்சி என்றால் ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் அடுத்த ஒப்பந்தம் தேடும் காலம்.)

கேள்வி: பெஞ்சிலிருந்து வந்து ஆட்டத்துக்கு 20 புள்ளி எடுக்கிற கார்டுக்கு என்ன விலை சார்?

20 என்பது வரவு மட்டும்தான், செலவையும் சொல்லுங்கள். 17 ஷாட், 4 ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) முயற்சியில் 20 எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரீ த்ரோவை 0.44 ஆல் பெருக்கினால் 1.76. ஷாட்டோடு கூட்டினால் 18.76, அதன் இரட்டிப்பு 37.52. 20ஐ அதால் வகுத்தால் 53 சதவீதம் சொச்சம். இதுதான் ட்ரூ ஷூட்டிங், செலவிட்ட முயற்சிக்கு எவ்வளவு புள்ளி கிடைத்தது என்ற அளவு. லீக் சராசரி இப்போது 57, 58ஐ ஒட்டி இருக்கிறது. அதாவது இவர் எடுக்கும் ஒவ்வொரு ஷாட்டும் அணிக்கு லேசான நஷ்டம். 10 ஷாட், 3 ஃப்ரீ த்ரோவில் 14 எடுப்பவருக்கு இதே கணக்கு கிட்டத்தட்ட 62 வரும். நான் அவருக்குத்தான் முதலில் போன் போடுவேன். (0.44 ஏன் என்றால், கூடையும் விழுந்து ஃபவுலும் கிடைத்த பிறகு வரும் ஒற்றை ஃப்ரீ த்ரோவுக்குத் தனியாக ஒரு பொசஷன் (பந்து அணியின் கையில் இருக்கும் ஒரு முறை) செலவாவதில்லை.)

அடுத்து, கடைசி 5 நிமிடம் கோச் அவரைக் களத்தில் விடுகிறாரா என்று பாருங்கள். இரண்டாம் வரிசை வீரர்களுக்கு எதிராகக் குவித்த புள்ளி வேறு, ஆட்டத்தை முடிக்கிற ஐவரில் ஒருவராக நின்று எடுத்த புள்ளி வேறு. பந்து கையில் இல்லாதபோது மூலையில் நின்று மூன்று புள்ளி போடத் தெரியாவிட்டால், நட்சத்திர வீரரோடு சேர்த்து அவரை ஆடவைக்க முடியாது.

எப்போதும் சொல்கிற எச்சரிக்கை: பிளேஆஃபில் (சீசன் கடைசியில் வரும் வெளியேற்றச் சுற்றுகளில்) எதிரணி பலவீனமான டிஃபெண்டரைத் தேடிப்பிடித்து, ஸ்கிரீன் போட்டு (குறுக்கே நின்று வழிமறித்து), தன் சிறந்த ஆட்டக்காரர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். ஜனவரியின் 20 புள்ளி மே மாதத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: பெஞ்ச் கார்டு லூ வில்லியம்ஸ் ஆண்டுக்கு 8 மில்லியன் டாலருக்கு ஆடினார். இப்போது எல்லாம் 15, 20 என்கிறார்களே, அநியாயம் இல்லையா?

டாலரை டாலரோடு ஒப்பிடாதீர்கள், சேலரி கேப்பில் (ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் வரம்பில்) எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 2018 பிப்ரவரியில் கிளிப்பர்ஸ் அணி அவருக்குக் கொடுத்தது 3 ஆண்டுக்கு 24 மில்லியன். அடுத்த சீசனின் கேப் 101.9 மில்லியன், ஆக 8 சதவீதம். 22 புள்ளிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தவர், அன்றைக்கே அது மலிவு. 2020இல் யூட்டா அணி ஜோர்டன் கிளார்க்சனுக்குச் சுமார் 52 மில்லியன், 4 ஆண்டு. சராசரி போட்டால் 12 சதவீதத்தை ஒட்டி வரும். 2025இல் டை ஜெரோமுக்கு மெம்ஃபிஸ் அணி 3 ஆண்டுக்கு 28 மில்லியன், வெறும் 6 சதவீதம். விலை ஏறவில்லை, கேப்தான் ஏறியிருக்கிறது.

கேள்வி: மாலிக் மங்க்குக்கு 78 மில்லியன் என்று ஒரு விசித்திரமான எண் எப்படி வந்தது ப்ரோ?

நல்ல கேள்வி. 2022இல் அவர் சாக்ரமென்டோ கிங்ஸ் அணியில் 2 ஆண்டுக்குத்தான் கையெழுத்திட்டார். முழு பேர்ட் உரிமைக்கு (கேப்பைத் தாண்டியும் சொந்த வீரருக்குச் சம்பளம் கொடுக்கும் உரிமை) 3 ஆண்டு வேண்டும், 2 ஆண்டுக்குக் கிடைப்பது எர்லி பேர்ட். அதன்படி பழைய சம்பளத்தின் 175 சதவீதம், அல்லது லீக் சராசரிச் சம்பளத்தின் 105 சதவீதம், எது அதிகமோ அதுவரைதான் கொடுக்கலாம். 2024இல் அது 17.4 மில்லியன். ஆண்டுக்கு முதலாண்டுத் தொகையில் 8 சதவீத உயர்வு: 17.4, 18.8, 20.2, 21.6. கூட்டிப் பாருங்கள், 78. கிங்ஸ் அவரை எடைபோட்டு வந்த எண் இல்லை அது. அவர்களால் கொடுக்க முடிந்த உச்சமே அவ்வளவுதான்.

கேள்வி: ஜெரோமை கிளீவ்லாந்து ஏன் விட்டது?

இரண்டாவது ஏப்ரனுக்கு மேலே இருந்த அணி. ஏப்ரன் என்பது கேப்புக்கு மேலே லீக் போட்டிருக்கும் சம்பளக் கோடு, அதில் இரண்டாவதுதான் உயரமானது. அங்கே ஒரு டாலர் சம்பளத்துக்குப் பல டாலர் வரி.

கேள்வி: கேம் தாமஸ் 24 புள்ளி எடுத்தார், கிடைத்தது 6 மில்லியன். 9 புள்ளி எடுத்த நிக்கீல் அலெக்சாண்டர்-வாக்கருக்கு 60 மில்லியனுக்கு மேல். கூடை போடுவதற்கு மதிப்பே இல்லையா?

2024-25இல் தாமஸ் ஆடியது 25 ஆட்டம், வாக்கர் 82. அது முதல் விஷயம். இரண்டாவது, தாமஸ் ரெஸ்ட்ரிக்டட், அதாவது வேறு அணி தரும் தொகைக்கு ஈடுகொடுத்து அவரை வைத்துக்கொள்ளும் உரிமை பழைய அணிக்கு உண்டு. 2025 கோடையில் பெரிய கேப் இடம் வைத்திருந்த ஒரே அணி அவருடைய சொந்த புரூக்லின். வாங்குபவனே இல்லாத சந்தையில் விலை எப்படி ஏறும்? அதனால்தான் குவாலிஃபையிங் ஆஃபரில் (பழைய அணி தரும் ஓராண்டு ஒப்பந்தத்தில்) கையெழுத்திட்டார்.

அதே நண்பர்: மற்ற அணிகளிடம் 14.1 மில்லியன் மிட்-லெவல் (கேப்பைத் தாண்டியும் ஆள் எடுக்க அனுமதிக்கும் தொகை) இருந்ததே!

இருந்தது. முழுதாகத் தொட்டால் முதல் ஏப்ரனில் ஹார்ட் கேப் விழும். சீசன் முழுக்க அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. அதற்குத் துணிந்து ஆஃபர் ஷீட் (ரெஸ்ட்ரிக்டட் வீரருக்கு வேறு அணி தரும் ஒப்பந்தம்) கொடுத்தாலும், புரூக்லின் சிரித்துக்கொண்டே ஈடுகொடுத்து அவரை வைத்துக்கொள்ளும். இடைப்பட்ட நாட்களில் உங்கள் பணம் முடங்கும், வேறு ஆள் கைநழுவுவார்.

இன்னொருவர்: அவர் பெஞ்ச் வீரரே இல்லையே, ஸ்டார்ட்டர்தானே?

சரிதான். ஆனால் பிற அணிகள் அவரைப் பெஞ்ச் கார்டாகவே எடைபோட்டன, சிக்கலின் பாதி அங்கேதான்.

மீண்டும் அதே நண்பர்: அப்படியானால் வாக்கர் அவரைவிடச் சிறந்த வீரர் என்கிறீர்களா?

ஒரு ஆட்டத்தை ஜெயிக்க 40 புள்ளி வேண்டுமென்றால் தாமஸ். எந்த ஐவரோடும் பொருந்தி, எதிரணியின் சிறந்த கார்டைக் காக்கவும் ஆள் வேண்டுமென்றால் வாக்கர். இரண்டாவது வேலைக்கு 30 அணிகளிலும் இடம் இருக்கிறது. முதல் வேலைக்கு நாலைந்தில் இருந்தால் அதிகம். இதோடு இதை விடுவோம்.

கேள்வி: 25 புள்ளி எடுத்தால் 30 மில்லியன் கேட்கலாமா?

முதல் பதில்.

கேள்வி: சிக்ஸ்த் மேன் விருது (சீசனின் சிறந்த பெஞ்ச் வீரருக்கானது) வாங்கினால் சம்பளம் ஏறுமா?

தானாக ஏறாது. 2025இல் வென்ற பேய்டன் பிரிட்சர்ட் 2023லேயே 4 ஆண்டுக்கு 30 மில்லியனுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். பாஸ்டனுக்கு யோகம்.

கேள்வி: 18 புள்ளி எடுப்பவருக்கு…

முதல் பதிலைப் படியுங்கள் ஐயா. ஷாட் எத்தனை?

கேள்வி: என் ஃபேன்டசி அணிக்கு யாரை எடுக்கலாம்?

அது வேறு கடை.

கேள்வி: 33 வயது கார்டுக்கு 3 ஆண்டு ஒப்பந்தம் கொடுக்கலாமா?

1+1 கொடுங்கள், இரண்டாம் ஆண்டு அணியின் விருப்பத்தில் இருக்கட்டும். கிளார்க்சன் 2021இல் சிக்ஸ்த் மேன். 2025 கோடையில் யூட்டா பைஅவுட் (மீதி ஒப்பந்தத்துக்குப் பேசி ஒரு தொகை) கொடுத்து அனுப்பியது, நியூயார்க் நிக்ஸ் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. உயரம் குறைந்த கார்டுகளுக்கு முதல் அடியின் வேகம்தான் முதலில் போகும். அது போனதும் ஃப்ரீ த்ரோ முயற்சி குறையத் தொடங்கும். முந்தைய 2 சீசனின் ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை நிமிடங்களால் வகுத்து வைத்துக்கொண்டு பேச உட்காருங்கள்.