கம்பி தளர்ந்தால் சிற்பம் சாயும்

கேள்வி: மூன்று அலுமினியக் குழாய்களை நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டி, குழாய்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் சிற்பம் செய்தேன். ஒரே வாரத்தில் சாய்ந்துவிட்டது. ஏன்?

பதில்: நைலான்தான் காரணம். விடாமல் இழுபட்டால் அது மெல்ல மெல்ல நீளும். ஈரக்காற்று பட்டாலும் நீளும். 1.5 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு வயர் ரோப்புக்கு (மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பிக்கு) மாறுங்கள். அமெரிக்கச் சிற்பி கென்னத் ஸ்னெல்சன் 1968-ல் செய்த ‘நீடில் டவர்’, வாஷிங்டனின் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் சுமார் 18 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அதுவும் அலுமினியக் குழாயும் எஃகுக் கம்பியும்தான்.

அளவும் பிசகக் கூடாது. 40 செ.மீ. உயரச் சிற்பத்துக்கு, துளை மையத்திலிருந்து துளை மையம்வரை, குழாய் 55.6 செ.மீ.; குழாய் முனைகளை இணைக்கும் மேல், கீழ் முக்கோணங்களின் ஆறு கம்பிகளும் 34.6, மேல் முக்கோணத்தைக் கீழ் முக்கோணத்தோடு இணைக்கும் பக்கக் கம்பி மூன்றும் 41.3. மேல் முக்கோணம் 30 பாகை திரும்பி நிற்கும். பக்கக் கம்பி ஒரு செ.மீ. நீண்டாலே எல்லாம் தொய்ந்துவிடும். அதனால் அந்த மூன்றிலும் டர்ன்பக்கிள் (திருகித் திருகிக் கம்பியை இறுக்கும் இணைப்பு) வையுங்கள். ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒவ்வொன்றாக இரண்டு சுற்று, மறுபடி முதலிலிருந்து. முறுக்க முறுக்க விறைப்பு கூடும். குழாய் நடுவில் வளையத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, இன்னும் அதிக விட்டமுள்ள குழாயாக மாற்றுங்கள். கையால் திருகிப் பார்த்தால் மேற்பகுதி சற்றே அசையும். இந்த அமைப்பின் இயல்பே அது, பிழையல்ல.

கேள்வி: தொங்கு சிற்பத்தில் 40 செ.மீ. கம்பி, ஒரு முனையில் 300 கிராம், மறுமுனையில் 100. கனமான முனையிலிருந்து 10 செ.மீ. தள்ளித் தொங்கவிட்டும் 100 கிராம் பக்கம் சாய்கிறதே?

பதில்: கம்பியின் சொந்த எடை கணக்கில் விடுபட்டிருக்கிறது. அது 40 கிராம் என்றால் தொங்கும் புள்ளி 10.9 செ.மீ.-ல் வர வேண்டும். கம்பியை மேல்நோக்கி லேசாக வில்போல் வளைத்து, தொங்கும் புள்ளி இரு முனைகளையும்விட உயரமாக இருக்கும்படி செய்யுங்கள். காற்றில் ஆடினாலும் சமநிலைக்குத் திரும்பிவிடும். பல அடுக்கு என்றால் எப்போதும் கீழ் அடுக்கிலிருந்தே தொடங்குங்கள். வண்ணம் பூசிய பிறகே சமன் பாருங்கள், பூச்சுக்கும் எடை உண்டு.

கேள்வி: விழுவதற்கென்றே செய்த சிற்பம் உண்டா?

பதில்: உண்டு. இத்தாலியச் சிற்பி ஜொவான்னி அன்செல்மோ 1968-ல் ஒரு கருங்கல் தூணோடு சிறு கல்லொன்றைச் செப்புக் கம்பியால் கட்டி, இரண்டுக்கும் நடுவே லெட்யூஸ் கீரையைச் செருகினார். கீரை வாடிச் சுருங்கினால் கம்பி தொய்ந்து சிறு கல் விழும். காட்சியில் இருக்கும்வரை யாராவது புதுக் கீரை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பொருளின் வாட்டத்தையே விசையாக்கிய இந்தத் துணிச்சலுக்கு ஈடு அரிது.

கேள்வி: கருங்கல்லின் மேல் நிறுத்திய கண்ணாடித் தகடு தானாகவே விரிசல் விடுகிறது.

பதில்: கண்ணாடி அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. கல்லின் ஒரு சிறு மேடு தகட்டின் விளிம்பில் குத்தினால் போதும், அங்குள்ள நுண்கீறல் விரியத் தொடங்கும். விளிம்பைத் தேய்த்து மெருகேற்றுங்கள். அடியில் 3 மி.மீ. நியோபிரீன் (செயற்கை ரப்பர்) பட்டை கொடுங்கள்.