கேள்வி-பதில்: உங்கள் மேக்ரோ யாரிடம் பேசுகிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டின் சாட் மேக்ரோக்களையும் (ஒரே பட்டனில் ஓடும் கட்டளை வரிகள்) ஆட்-ஆன்களையும் (விளையாட்டோடு சேர்த்துப் போடும் சின்ன நிரல்கள்) பற்றியவை. அதனால் இந்த முறை முழுப் பத்தியும் அதற்கே. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், விளையாடும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

விளையாட்டின் பழைய வடிவமான கிளாசிக்கில் வார்லாக் என்ற மந்திரவாதிப் பாத்திரம் ஆடுகிறேன். தூரத்தில் இருப்பவர்களை வரவழைக்கும் ஒவ்வொரு முறையும் "இவரைக் கூப்பிடுகிறேன், இரண்டு பேர் கிளிக் செய்யுங்கள்" என்று தட்டித் தட்டி அலுத்துவிட்டது. இதற்கு எந்த ஆட்-ஆன் நல்லது?
கல்லூரி மாணவர், ஈரோடு

ஆட்-ஆன் எதுவும் வேண்டாம், விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் மேக்ரோ போதும். சாட் பெட்டியில் ஸ்லாஷ் மேக்ரோ என்று தட்டினால் ஒரு ஜன்னல் திறக்கும். அதில் புதிதாக ஒன்றை உருவாக்கி, முதல் வரியில் ஸ்லாஷ் பி (உங்கள் சிறு குழுவான பார்ட்டியிடம் பேசும் கட்டளை) போட்டு நீங்கள் சொல்ல வேண்டியதை எழுதுங்கள், இரண்டாவது வரியில் ஸ்லாஷ் காஸ்ட் போட்டு அந்த மந்திரத்தின் பெயர். நிறையப் பேர் சேர்ந்து ஆடும் ரெய்டில் இருந்தால் பி இருக்கும் இடத்தில் ஆர்ஏ. பெயர் வர வேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் அதை ஒட்டி ஒரு சின்ன டியும் போட்டுவிட்டால், அப்போது நீங்கள் யாரைத் தேர்ந்தெடுத்து டார்கெட் செய்திருக்கிறீர்களோ அவர் பெயரை விளையாட்டே நிரப்பிக்கொள்ளும். வரவழைக்கும் சடங்குக்கு எப்படியும் ஆளை டார்கெட் செய்தே ஆக வேண்டும் என்பதால் இது இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஒரு மேக்ரோவுக்கு 255 எழுத்துகள்தான் இடம், இடைவெளிகளும் அதில் சேர்த்தி, அதனால் சுருக்கமாக எழுதுங்கள். சண்டை நடந்துகொண்டிருக்கும்போது மேக்ரோவைத் திருத்த விடாது என்பதால் இதையெல்லாம் ஊரில் நிற்கும்போதே செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்ய நினைப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, காரணத்தையும் சொல்கிறேன். அந்தச் சடங்கை வார்லாக் தனியாக முடிக்க முடியாது, இன்னும் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். ஆக உங்கள் மேக்ரோ மற்றவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறது, அதைப் படித்தவர் உடனே எதையாவது செய்ய முடியும். சாட் மேக்ரோ என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ட்ரூயிட் என்ற பாத்திரம் ஆடுகிறேன். சண்டையின் நடுவில் செத்தவரை எழுப்பும் ரீபர்த் மந்திரத்துக்கு ஒரு மேக்ரோ வைத்தேன். எழுப்பாமலே எழுப்புவதாகச் சொல்கிறது, ஒரே செய்தி நாலு தடவை போகிறது, சில நேரம் பெயருக்குப் பதில் "டார்கெட் இல்லை" என்று ஆங்கிலத்தில் வருகிறது. மேக்ரோ கெட்டுவிட்டதா?
வாசகி, திருநெல்வேலி

கெடவில்லை, மேக்ரோ வேலை செய்யும் விதமே அதுதான். நீங்கள் பட்டனை அழுத்தினால் அது மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக ஓட்டும். மந்திர வரி பலித்ததா இல்லையா என்று பேச்சு வரிக்குத் தெரியாது. மந்திரத்தை மறுபடி போடக் காத்திருக்க வேண்டிய நேரம், அதாவது கூல்டவுன், முடியாமல் இருக்கலாம், ஆள் எட்டாத தூரத்தில் கிடக்கலாம், மந்திர சக்தியான மானா போதாமல் இருக்கலாம், எதுவானாலும் "எழுப்புகிறேன்" என்ற வரி மட்டும் போய்விடும். பதற்றத்தில் நாலு தடவை அழுத்தினால் நாலு தடவை போகும். ரெய்டில் இது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் கிளாசிக்கில் ரீபர்த்தின் கூல்டவுன் 30 நிமிடம், உங்கள் வரியைப் பார்த்து இன்னொரு ட்ரூயிட் தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவார், கடைசியில் யாருமே அந்த ஆளை எழுப்பியிருக்க மாட்டீர்கள்.

பெயர் வராததற்குக் காரணம் வேறு. உங்கள் மேக்ரோவில் மவுஸ்-ஓவர் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதாவது மவுஸ் யார் மேல் இருக்கிறதோ அவருக்கு மந்திரம் போகும். ஆனால் அந்த சதவீத டி எப்போதும் டார்கெட்டின் பெயரைத்தான் எடுக்கும், மவுஸுக்கு அடியில் இருப்பவரை அல்ல. எதையும் டார்கெட் செய்யாமல் இருந்தால் அந்த ஆங்கில வரி வரும், வேறு யாரையாவது செய்திருந்தால் அவர் பெயர் வரும், அதாவது நீங்கள் சண்டை போடும் தலைமை அசுரனையே எழுப்புவதாக அறிவித்துவிடுவீர்கள். எழுப்ப வேண்டியவரை முதலில் டார்கெட் செய்துவிட்டு அழுத்துவது இதற்கு எளிய வழி.

உங்கள் விஷயத்தில்தான் ஆட்-ஆன் உண்மையிலேயே உதவும். மேக்ரோ பேசத்தான் செய்யும், கேட்காது. ஆட்-ஆன் என்பது லுவா மொழியில் எழுதிய சின்ன நிரல், கிளாசிக்கில் அது போர்ப் பதிவைக் கவனித்துக்கொண்டே இருந்து, மந்திரம் தொடங்கியதும் ஒரு முறை, பலித்ததும் ஒரு முறை என்று நீங்கள் சொன்னபடி அறிவிக்கும். மந்திர அறிவிப்புக்கென்றே பல ஆட்-ஆன்கள் கிடைக்கின்றன. போட்டவுடன் அதன் அமைப்புகளுக்குள் போய், ரீபர்த்தைத் தவிர மற்ற எல்லா அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள்.

நான் அடிக்கும் ஒவ்வொரு பெரிய அடிக்கும் ஒரு வசனம் கத்துகிற மாதிரி வைத்திருந்தேன். ஜாலிக்குத்தான். கில்டில், அதாவது நாங்கள் சேர்ந்து ஆடும் சங்கத்தில், மூன்று தடவை நிறுத்தச் சொன்னார்கள், நாலாவது தடவை ரெய்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள். விளையாட்டில் அனுமதி இருக்கும் ஒன்றைச் செய்ததற்கு இந்தத் தண்டனை நியாயமா?
வாசகர், சிங்கப்பூர்

அனுமதி இருக்கிறது என்பது சரிதான், ஆனாலும் உங்கள் கில்டு பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சம் கேளுங்கள்.

கிளாசிக்கின் பெரிய ரெய்டில் 40 பேர். ஒவ்வொருவரும் நிமிடத்துக்கு மூன்றே மூன்று வரி அனுப்பினாலும் 120 வரி, அதாவது நொடிக்கு இரண்டு வரி சாட் பெட்டியில் ஓடும். அந்த வேகத்தில் யாராலும் படிக்க முடியாது, அதனால் எல்லோரும் சாட்டைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் உண்மையிலேயே உயிர் போகிற செய்தி வந்தாலும் அது கண்ணில் படாது.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மோல்டன் கோர் என்ற ரெய்டில் பாரன் கெடான் என்ற அசுரன் திடீரென்று ஒருவரை உயிருள்ள வெடிகுண்டு (லிவிங் பாம்) ஆக்கிவிடுவான், அவர் 8 நொடிக்குள் கூட்டத்தை விட்டு ஓடிவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர்களும் சேர்ந்து வெடிப்பார்கள். எங்கள் குழுவில் ஒரு புதுப் பையன், முதல் முறை வந்தவன். தலைவர் அவன் பெயரைச் சாட்டில் போட்டார். அந்த நேரத்தில் என்னுடைய மேக்ரோ உட்பட ஏழெட்டுப் பேருடைய வசனங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து அந்தப் பெயரை மேலே தள்ளிவிட்டன. அவன் நின்ற இடத்திலேயே நின்றான், குணமாக்கும் ஹீலர்கள் பாதிப் பேர் போனார்கள், மொத்தக் குழுவும் விழுந்தது. அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். தப்பு அவனுடையது இல்லை என்று எனக்குத் தெரியும், அன்றைக்கு அதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன், அது இன்னும் எனக்கு வருத்தம்தான். மறுநாளே என் மேக்ரோக்களைத் திறந்து, படிப்பவர் எதையும் செய்ய வேண்டியிராத வரிகளையெல்லாம் அழித்தேன். பதினொன்று இருந்தது, மூன்றுதான் மிஞ்சியது: எந்த எதிரியை மந்திரத்தால் ஆடாக்கியிருக்கிறேன், அதை அடித்துக் கலைக்காதீர்கள் என்பது ஒன்று, மானா இல்லை, கொஞ்சம் நில்லுங்கள் என்பது ஒன்று, நான் ஆடுவது மேஜ் என்ற மந்திரவாதி என்பதால் ஊருக்குத் திரும்பும் மந்திர வாசலான போர்ட்டல் திறந்திருக்கிறேன் என்பது இன்னொன்று.

வசனம் பேச வேண்டும் என்ற ஆசை தப்பே இல்லை. பாத்திரமாகப் பேசி நடிப்பதற்கென்றே தனி சர்வர்கள் இருக்கின்றன, அங்கே டோட்டல் ஆர்பி 3 மாதிரி ஆட்-ஆன் வைத்துக்கொண்டு தங்கள் பாத்திரத்தின் பிறப்பு வளர்ப்பு எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள், உங்கள் வசனத்துக்குப் பதில் வசனமும் வரும். அங்கே போய்ப் பாருங்கள், உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும். கில்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள், மேக்ரோவை எடுத்துவிட்டேன் என்று. மூன்று தடவை பொறுமையாகச் சொன்னவர்கள் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள்.

பழைய ஆட்-ஆன் ஒன்று நான் எதிரியின் மந்திரத்தை நடுவில் தடுப்பதை (இன்டரப்ட்) தானாகவே சொல்லிவந்தது. சிறு குழுவாகப் போய்ச் சண்டையிடும் டன்ஜனுக்குள் சொல்லும், வெளியே வந்தால் வாயே திறக்காது. ஏன்?
வாசகர், சென்னை

2019இல் வந்த 8.2.5 மாற்றத்துக்குப் பிறகு, திறந்த வெளியில் சே (பக்கத்தில் இருப்பவர்களிடம் பேசுவது), யெல் (கத்துவது) இரண்டிலும் ஆட்-ஆன் தானாகப் பேச முடியாது, நீங்கள் ஒரு விசையையோ மவுஸையோ அழுத்திய கணத்தில்தான் பேச முடியும். வழியில் நின்றுகொண்டு விளம்பரம் கத்தும் தானியங்கிகளை அடக்குவதற்கு இது நல்ல வழி, எனக்கு இந்த விதியில் குறையே தெரியவில்லை. நீங்களே அழுத்தும் மேக்ரோ வெளியேயும் பேசும்.

என் மகனுக்கு 14 வயது. விளையாட்டில் பழகிய ஒருவர் "இந்த வரியைச் சாட்டில் ஒட்டு, அபூர்வமான குதிரை கிடைக்கும்" என்று சொல்லியிருக்கிறார். ஏதோ எச்சரிக்கை வந்ததாம், யெஸ் கொடுத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் தபால் பெட்டி அருகே நின்றபோது அவன் சேர்த்த தங்கம் முழுக்கப் போய்விட்டது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் கணினியும் திருட்டுப் போய்விட்டதா?
ஒரு தாய், மதுரை

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். விளையாட்டுக்குள் ஒட்டும் வரி விளையாட்டுக்குள் மட்டும்தான் ஓடும். அங்கே இருக்கும் லுவா மொழியில் கணினியின் கோப்புகளைத் தொடும் பகுதிகளையே எடுத்துவிட்டிருக்கிறார்கள். உங்கள் படங்களோ வங்கி விவரமோ அந்த வரியால் போகாது.

நடந்தது என்னவென்று சொல்கிறேன், மகனுக்கும் படித்துக் காட்டுங்கள். ஸ்லாஷ் ரன் அல்லது ஸ்லாஷ் ஸ்கிரிப்ட் என்று தொடங்கும் வரி பேச்சு இல்லை, அது கட்டளை. 2016இல் இதே மாதிரி ஒரு மோசடி பரவியது, ஜெர்மனியின் ஜி டேட்டா என்ற பாதுகாப்பு நிறுவனம் அதை விளக்கி எழுதியது. சாட்டில் வரும் ஒவ்வொரு செய்தியிலும் தேவையில்லாத இடைவெளிகளை எடுத்துவிடும் ஒரு சின்னச் செயல்பாடு விளையாட்டில் உண்டு. மோசடிக்காரர் தந்த ஒற்றை வரி அந்தச் செயல்பாட்டைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் "வருகிற செய்தியைக் கட்டளையாக ஓட்டு" என்பதை வைத்தது. அதன் பிறகு மோசடிக்காரர் தனிச்செய்தியான விஸ்பரில் எதை அனுப்பினாலும் அது ஏமாந்தவர் தன் கையால் தட்டிய மாதிரி ஓடும். ரொம்பத் தந்திரமான வேலை, பெரியவர்களே நிறையப் பேர் ஏமாந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த எச்சரிக்கைப் பெட்டியே வந்தது. ஆட்-ஆனுக்குள் இறக்கும் நீளமான எழுத்துச் சரங்களிலும் இதே ஆபத்து உண்டு. அதனால்தான் சண்டை விவரங்களைத் திரையில் காட்டும் வீக்ஆராஸ் மாதிரி ஆட்-ஆன்கள், தபால் அனுப்புவது, வர்த்தகத்தில் பணம் வைப்பது போன்ற செயல்பாடுகளைத் தங்களுக்குள் ஓட விடாமல் தடுத்து வைத்திருக்கின்றன.

இப்போது செய்ய வேண்டியது: விளையாட்டை முழுக்க மூடித் திறந்தாலே ஒட்டிய அந்த வரியின் வேலை போய்விடும். மேக்ரோவாகச் சேமித்திருந்தால் அதையும் அழித்துவிடுங்கள். அந்த ஆள் ஏதாவது கோப்பைத் தரவிறக்கச் சொல்லியிருந்தாரா என்று கேளுங்கள், ஆட்-ஆன் என்பது லுவா, எக்ஸ்எம்எல் கோப்புகளும் படங்களும் ஒலிகளும் இருக்கும் வெறும் ஃபோல்டர், இன்ஸ்டால் செய்யச் சொல்லும் இஎக்ஸ்இ கோப்பு ஒன்று வந்திருந்தால் மட்டும் கணினியை முழுதாக ஸ்கேன் செய்து, கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். விளையாட்டுக்குள் நுழையும் பேட்டில்.நெட் கணக்கில் அங்கீகாரச் செயலியை இணைத்துவிடுங்கள். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, அந்தப் பாத்திரத்தின் பெயர் என்ன என்று வாடிக்கையாளர் உதவிக்கு ஒரு டிக்கெட் எழுதுங்கள்.

மகனைத் திட்டாதீர்கள். நம்பியவர் ஏமாற்றியதுதான் அவனுக்குத் தங்கத்தை விட வலிக்கும்.

ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற இன்னொரு இணைய விளையாட்டில் இதேபோல ஆட்-ஆன் போடலாமா?
வாசகர், கோலாலம்பூர்

கூடாது. அதை நடத்தும் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் வெளிக்கருவிகளை விதிப்படியே தடை செய்திருக்கிறது. அந்த விளையாட்டின் சொந்த மேக்ரோவில் 15 வரி எழுதலாம், வரிகளுக்கு இடையில் சில நொடி காத்திருக்கச் சொல்லலாம், பார்ட்டிக்குக் கேட்கும்படி ஒரு மணியோசையும் வைக்கலாம். சாட் தேவைக்கு இதுவே தாராளம். அந்த ஓசையை மட்டும் ஒரு மேக்ரோவுக்கு மேல் வைக்காதீர்கள்.

மேக்ரோவில் தமிழிலேயே எழுத ஆசை. வருமா?
வாசகி, யாழ்ப்பாணம்

எனக்கும் இந்த ஆசை உண்டு. வார்கிராஃப்டின் எழுத்துருக்களில் தமிழ் இல்லை, அதனால் தமிழ் எழுத்தில் அனுப்பினால் எதிரில் இருப்பவருக்குப் படிக்கும்படி போய்ச் சேராது. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதுதான் இப்போதைக்கு வழி. கில்டில் எல்லோரும் தமிழர் என்றால் கில்டிடம் பேசும் ஸ்லாஷ் ஜியில் தாராளமாக எழுதுங்கள், முன்பின் தெரியாத பார்ட்டியில் எல்லோருக்கும் புரிகிற மொழியில் சொல்லுங்கள், அவசரத்தில் படிக்கப்போவது அவர்கள்தானே.

ஆட்-ஆன்களுக்கே முடிவு கட்டுகிறார்கள் என்கிறார்களே, இனிமேல் கற்றுக்கொண்டு என்ன பயன்?
வாசகர், கோவை

முழுதாக அப்படி இல்லை. வார்கிராஃப்டின் மிட்நைட் என்ற விரிவாக்கத் தொகுப்போடு, நடக்கிற சண்டையின் விவரங்களை ஆட்-ஆன்கள் படித்துக் கணக்குப் போட்டு "இப்போது இதைச் செய்" என்று சொல்வதைத் தடுக்கப்போவதாக 2025இல் விளையாட்டை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனம் அறிவித்தது. வீக்ஆராஸ் குழுவினர் மிட்நைட்டுக்குத் தொடரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள், பல வருடம் அதை நம்பி ஆடியவர்களுக்கு அது பெரிய இழப்புதான். போரைக் கேட்டுத் தானாக அறிவிக்கும் ஆட்-ஆன்களும் கிளாசிக் அல்லாத நவீன பதிப்பில் இந்தத் தடைக்குள் வருகின்றன. சாட் ஜன்னலின் தோற்றம், பை, வரைபடம் மாதிரியான ஆட்-ஆன்களை எடுப்பது அவர்கள் நோக்கம் இல்லை.

மேக்ரோ விளையாட்டின் சொந்த வசதி, அது இன்னும் இருக்கிறது. 2006 டிசம்பரிலும் இப்படி ஒரு பெரிய மாற்றம் வந்தது: யார் மேல் சாபம் இருக்கிறது என்று தானே கண்டுபிடித்து, ஆளைத் தேர்ந்தெடுத்து, ஒரே பட்டனில் நீக்கிக்கொடுத்த ஆட்-ஆன்களின் கையை அன்றைக்குக் கட்டினார்கள், ஹீலர்கள் தாங்களே பார்த்துக் கிளிக் செய்யப் பழகிக்கொண்டார்கள். நீங்கள் நவீன பதிப்பு ஆடுபவர் என்றால் மேக்ரோவிலிருந்து தொடங்குங்கள். ஈரோட்டு மாணவருக்குச் சொன்ன அந்த இரண்டு வரிகளை உங்கள் மந்திரத்துக்கு ஏற்றபடி எழுதி, ஒரு நண்பரோடு ஊருக்குள்ளேயே நின்று அழுத்திப் பாருங்கள், அவர் திரையில் என்ன வந்தது என்று கேளுங்கள்.