கணினி உறைகிறது, சத்தம் போடுகிறது: கேள்வி பதில்

கேள்வி: சார், ஒரு வாரமாக என் டெஸ்க்டாப் 'டக்... டக்' என்கிறது. அப்புறம் திரை அப்படியே நின்றுவிடுகிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகுமா?

பதில்: விண்டோஸில் கை வைக்காதீர்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க் மேல் விரலை லேசாக வையுங்கள். ஒவ்வொரு 'டக்'குக்கும் விரலில் ஓர் உதை தெரிந்தால் ஆள் அதுதான். டெஸ்க்டாப் டிஸ்க்குகளில் பெரும்பாலும் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும். அதற்குச் சில நானோமீட்டர் மேலே மிதக்கும் ஹெட், அதாவது படிக்கும் எழுதும் முனை, தட்டில் உள்ள இருப்பிடக் குறிகளைப் படித்துத்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். குறி கிடைக்காவிட்டால் பின்வாங்கி, மறுபடி தேடும். மறுபடி பின்வாங்கும். உங்களுக்குக் கேட்பது அந்தத் தாளம். அதுவரை விண்டோஸ் பதிலுக்குக் காத்துக் கிடப்பதால்தான் திரை உறைகிறது.

இப்போதே அணையுங்கள். டிஸ்க்கை இன்னொரு கணினியில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் காப்பி எடுங்கள்: புகைப்படங்கள், சான்றிதழ்கள், கணக்குகள். சினிமாவெல்லாம் கடைசியில். நடுவில் திணறினால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியைப் பயன்படுத்துங்கள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். டிஸ்க் தெரியவே இல்லையென்றால் தரவு மீட்பு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். அதுவரை சும்மா சும்மா மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

முக்கியமாக, செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். அது கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்தும் கருவி. சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வைத்தால் மிச்ச உயிரும் போய்விடும்.

கேள்வி: டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சள் காட்டுகிறது. சத்தம் எதுவும் இல்லை. பயப்படணுமா?

பதில்: 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். அங்கே சி5, சி6 என்று இருப்பவைதான் 197, 198. 5 என்பது மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்), 197 படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை, 198 திருத்தவே முடியாதவை. அந்த மென்பொருள் மூல மதிப்பை இயல்பாகவே பதினாறடிமானத்தில் காட்டும். அங்கே 10 என்றால் 16. எண் இன்று ஒன்று, நாளை இன்னொன்று என்று ஏறினால் டிஸ்க் கிளம்பிவிட்டது. ஏறாவிட்டாலும் காப்பி எடுங்கள்.

கேள்வி: கேம் மெனுவுக்குப் போனால் மட்டும் கிராபிக்ஸ் கார்டு 'கீஈஈ' என்கிறது அண்ணா.

பதில்: கார்டில் உள்ள கம்பிச் சுருள் (coil) போடும் சத்தம். மெனுவில் வரைய வேலை குறைவு என்பதால் ஃபிரேம்கள் நூற்றுக்கணக்கில் எகிறும், சுருள்கள் அதிரும். ஃபிரேமுக்கு உச்சவரம்பு வையுங்கள். ஆபத்தில்லை தம்பி.

கேள்வி: டிஸ்க்கை பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஓடும் என்கிறார்களே?

பதில்: வேண்டாம்.

அதே நண்பர்: ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டீர்கள். என் பழைய டிஸ்க் அப்படித்தான் ஓடியது. எல்லாக் கோப்பையும் எடுத்தேன்.

பதில்: ஓடியிருக்கலாம், மறுக்கவில்லை. பழைய டிஸ்க்குகளில் சில கோளாறுகள் குளிரில் கொஞ்ச நேரம் அடங்கியதுண்டு. ஆனால் குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும் ஈரம் அதைத்தான் தேடி வரும். சாதாரண டிஸ்க்கில் காற்றுப் போக வர வடிகட்டியுடன் ஒரு துளை இருக்கிறது, மேலேயே 'மூடாதே' என்று அச்சடித்திருப்பார்கள். வடிகட்டி தூசியைத் தடுக்கும், ஈரத்தை முழுசாகத் தடுக்காது. நானோமீட்டர் இடைவெளியில் பறக்கும் ஹெட்டுக்கு ஒரு நீர்த்துளி பாறாங்கல்.

அதே நண்பர்: காற்றுப் புகாத பை, உள்ளே சிலிக்கா ஜெல். அப்போது?

பதில்: ஓட்டுவதற்குக் கேபிள் மாட்ட வேண்டுமே, பையைத் திறக்காமல் எப்படி?

இன்னொருவர்: நானும் ஃப்ரீசரில் வைத்தேன். முன்பு 'டக்' என்றாவது சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது சுற்றவே இல்லை.

பதில்: பார்த்தீர்களா? ஓடிய டிஸ்க்கின் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இவர் போன்றவர்கள் அநேகமாக வாய் திறப்பதில்லை. அந்த டிஸ்க்கை இனி தட்டவோ திறக்கவோ வேண்டாம், ஆய்வகம்தான். ஃப்ரீசரில் வைத்ததையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் டக் டக். செக்டிஸ்க் 12 சதவீதத்தில் நிற்கிறது...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். படிக்கும் முன் அணையுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டியும் 'டக்' என்னுமா?

பதில்: அதில் அசையும் பாகம் கிடையாது. ஃபேனில் ஒயர் உரசுகிறதா பாருங்கள்.

கேள்வி: பிரின்டர் பேப்பரை மென்று துப்புகிறது.

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் 'கெர்னல் பவர் 41' என்று இருக்கிறது. பவர் சப்ளை மாற்றணுமா?

பதில்: 41 என்றால் 'முறையாக அணைக்கப்படவில்லை' என்று மட்டும்தான் பொருள். காரணம் அதில் இல்லை. விவரத்தில் பக்செக் கோட் என்ற பிழை எண்ணைப் பாருங்கள். பூஜ்யமாக இருந்தால் நீலத்திரை பதிவாகவில்லை. மின்சாரம், சூடு இரண்டையும் சந்தேகியுங்கள். எண் இருந்தால் விண்டோஸ் ஃபோல்டரில் அந்தப் பிழையின் விவரம் சேமித்த மினிடம்ப் கோப்பு இருக்கக்கூடும். நினைவகப் பிழை வந்தால் எக்ஸ்எம்பியை (ராமை வேகமாக ஓட்டும் பயாஸ் அமைப்பு) அணைத்துவிட்டு, ஒவ்வொரு ராம் குச்சியாக மாட்டி, மெம்டெஸ்ட்86 என்ற நினைவகச் சோதனையை இரவு முழுக்க ஓட விடுங்கள். நல்ல பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கிப் பார்க்காமல் புதிது வாங்காதீர்கள்.

கேள்வி: பவர் சப்ளை ஃபேன் கரகரக்கிறது. திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விடலாமா?

பதில்: திறக்காதீர்கள். உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம். முழுசாக மாற்றுங்கள்.

கேள்வி: சிபியு கூலரை மாற்றினேன், சத்தம் போய்விட்டது. ஆனால் கேம் போட்ட சில நிமிடத்தில் பட்டென்று அணைகிறது.

பதில்: கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? பேஸ்ட் தடவினீர்களா? ஃபேன் ஒயரை சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில்தான் செருகினீர்களா? 100 டிகிரியை ஒட்டி சிபியு முதலில் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், அப்படியும் அடங்காவிட்டால் அணைத்துவிடும். வெப்பநிலை காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்து விளையாடி, அணைவதற்கு முன் கடைசியாகக் காட்டிய வெப்பநிலையோடு வாருங்கள்.