காரைக் கழுவியாச்சு, இனி என்ன செய்வது?

கேள்வி: பெங்களூரு கம்மனஹள்ளியில் இருக்கிறோம். கொழுந்தனார் தன் காரை ஒரு நண்பருக்குக் கொடுத்திருந்தார். திரும்பி வந்தபோது பம்பர் உடைந்திருந்தது, பின்சீட்டில் ரத்தம் மாதிரி கறை, சீட்டுக்கு அடியில் ஒரு துண்டு, யாருடையது என்றே தெரியாத ஒரு போன். நண்பரைக் கூப்பிட்டால் எடுப்பதில்லை. மாமியார் துண்டைத் துவைத்துவிட்டார், மாமனார் வண்டியை வாட்டர் வாஷுக்கு அனுப்பிவிட்டார். நாங்கள் மாட்டிக்கொள்வோமா?

பதில்: ரத்தமோ என்று சந்தேகம் வந்த துணியை எதற்கு அம்மா துவைத்தீர்கள்? சரி, நடந்தது நடந்துவிட்டது. இனி அந்த வண்டியில் கை வைக்காதீர்கள். கறை போய்விட்டது என்று நினைக்கவும் வேண்டாம். சீட் ஸ்பாஞ்சிலும் பெல்ட் இடுக்கிலும் மிச்சம் இருக்கும், மடிவாளா தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போனால் அங்கே தேடத் தெரியும். பிளீச்சிங் பவுடர் மட்டும் போட்டுவிடாதீர்கள், ரத்தம் தேடத் தெளிக்கும் லூமினால் அதற்கும் ஒளிரும், அப்புறம் எல்லாம் குழப்பம். போனை ஆன் செய்ய வேண்டாம். டேஷ்கேம் இருந்தால் வண்டியை ஸ்டார்ட்டே செய்யாதீர்கள், பழைய காட்சியின் மேல் புதியது பதிவாகிவிடும்.

மாட்டுவீர்களா என்பதற்கு வருகிறேன். தடயத்தை அழிப்பது, ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 238-வது பிரிவில் குற்றம்தான். ஆனால் குற்றம் நடந்தது தெரிந்து, அல்லது நம்பக் காரணம் இருந்து, செய்தவரைக் காப்பாற்றும் எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும். அழுக்குத் துணி என்று உங்கள் மாமியார் துவைத்திருந்தால் அது இதில் வராது. ஆனால் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: எனக்கு எழுதிய நிமிடத்திலேயே உங்களுக்குச் சந்தேகம் வந்தாயிற்று. நேற்றுத் துவைத்தது ஒரு கணக்கு, நாளைக்கு அந்தப் போனைத் தூக்கி அல்சூர் ஏரியில் போட்டால் அது வேறு கணக்கு, அன்றைக்கு 'தெரியாது சார்' என்று சொல்ல வாய் இருக்காது.

இப்போது இரண்டு பேர் உங்களைத் தேடி வருவார்கள். ஒருவர் கராஜ்காரர். சுவரில் இடித்ததாக எழுதி இன்சூரன்ஸ் க்ளெய்ம் போடலாம் என்பார். போட்டால் நீங்களே கையெழுத்திட்ட பொய் ஒன்று ஃபைலில் உட்கார்ந்திருக்கும். இன்னொருவர் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் நிற்கும் புரோக்கர், 'இன்ஸ்பெக்டர் நம்ம ஆளு, பேரே வராம முடிச்சுடறேன்' என்று பணம் கேட்பார். போலீஸ் வண்டியைக் கைப்பற்றியபின் மறுபடி வந்து, வெளியே எடுக்க வேறு ஒரு ரேட் சொல்வார். கைப்பற்றிய வண்டியை உரிமையாளர் மாஜிஸ்திரேட்டிடம் மனுப்போட்டுப் பிணைப் பத்திரம் எழுதிக்கொடுத்து வாங்கலாம். ஸ்டேஷனில் நெடுநாள் வைத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. சொல்லி என்ன, எந்த ஸ்டேஷன் வளாகத்திலும் கார்கள் துருப்பிடித்துக் கிடக்கத்தானே செய்கின்றன!

கொழுந்தனாரே ஸ்டேஷனுக்கு நேரில் போகட்டும், உரிமையாளர் அவர்தான். யார் ஓட்டியது என்று போலீஸ் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். போகுமுன் முடிந்தால் புகாரை ஒரு வக்கீலிடம் காட்டி எழுதுங்கள், வசதி இல்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100. துவைத்ததையும் கழுவியதையும் மறைக்காமல் எழுதி, ஒரு நகலில் சீல் வாங்குங்கள். 'சம்பவம் எங்கே நடந்ததோ அந்த ஸ்டேஷனுக்குப் போ' என்று விரட்டினால் ஜீரோ எஃப்ஐஆர், அதாவது எந்த ஸ்டேஷனிலும் பதியக்கூடிய எஃப்ஐஆர், கேளுங்கள். அதுவும் நடக்கவில்லையா, அதே புகாரை டிசிபிக்கு (போலீஸ் துணைக் கமிஷனருக்கு) தபாலில் அனுப்புங்கள். வண்டியை எடுக்க வந்தால் மகஜரை (சாட்சிகள் முன் கைப்பற்றி எழுதுவதை) வீடியோ எடுப்பது இப்போது போலீசின் கடமை, எடுக்கிறார்களா என்று பாருங்கள். துவைத்த துண்டையும் சேர்த்துக் கொடுங்கள், பிளாஸ்டிக் பையில் இல்லாமல் காகித உறையில் போட்டு.