மின்னணு கேள்வி-பதில்: எந்த ஃபிளிப்-ஃபிளாப் வாங்கலாம்?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் காய்கறிப் பாத்திகளுக்கு 12 வோல்ட் பம்பு வைத்திருக்கிறேன், கார் பேட்டரியில் ஓடுகிறது. பட்டனை ஒருமுறை அழுத்தினால் ஓடவும், மறுமுறை அழுத்தினால் நிற்கவும் வேண்டும். 7805 (5 வோல்ட்டாகக் குறைக்கும் ரெகுலேட்டர்) போட்டு 74எல்எஸ்74 சிப்பில் செய்தேன், அது இரண்டில் ஒரு நிலையை நினைவில் வைக்கும் ஃபிளிப்-ஃபிளாப். சில சமயம் பட்டன் கேட்கிறது, சில சமயம் கேட்பதில்லை. நின்ற பம்பு தானாக ஓடவும் செய்கிறது. இரண்டு சிப் மாற்றியாகிவிட்டது. வேறு எதை வாங்குவது?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மாற்றிய இரண்டு சிப்பும் நல்ல சிப்பாகத்தான் இருக்கும், எறிந்துவிடாதீர்கள். பட்டனை ஒருமுறை அழுத்தினால் உள்ளே தகடு சில மில்லி செகண்டுக்குத் துள்ளித் துள்ளித்தான் ஒட்டும். எல்எஸ் சிப் ஒவ்வொரு துள்ளலையும் தனி அழுத்தமாக எண்ணிவிடும். எண்ணிக்கை ஒற்றைப்படையில் முடிந்தால் பம்பின் நிலை மாறும். இரட்டைப்படையில் முடிந்தால் பழைய நிலைக்கே வந்துவிடும், நீங்கள் ‘கேட்கவில்லை’ என்பீர்கள்.

பேட்டரியில் ஓடுவதற்கு சிடி4013பி ஃபிளிப்-ஃபிளாப் பொருத்தம். 3 முதல் 18 வோல்ட் வரை தாங்கும், ஆகவே 7805 தேவையில்லை. சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டினாலும் கவலையில்லை. கூடவே ஒரு சிடி40106 வாங்குங்கள். துள்ளலை அடக்குவது அதன் வேலை.

பட்டனின் ஒரு முனை கிரவுண்டுக்கு. மறுமுனையிலிருந்து 12 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம். அதே முனையிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக 40106-இன் 1ஆம் காலுக்கு. அந்தக் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 1 மைக்ரோஃபாரட். 40106-இன் 2ஆம் கால் 4013-இன் 3ஆம் காலுக்கு, அதாவது க்ளாக்குக்கு (நிலையை மாற்றச் சொல்லும் துடிப்பு வரும் கால்) போகும். 4013-இல் 2ஆம் காலையும் 5ஆம் காலையும் இணையுங்கள். 6ஆம் கால் கிரவுண்டுக்கு. மின்சாரம் வந்ததும் பம்பு ஓடாமல் இருக்க, 4ஆம் காலுக்கும் 14ஆம் காலுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட், 4ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம். பயன்படாத மறுபாதியின் 8, 9, 10, 11 கால்களைக் கிரவுண்டில் கட்டுங்கள். 40106-இன் மற்ற ஐந்து உள்ளீடுகளும் அப்படியே. இரண்டு சிப்புக்கும் 7, 14 கால்களே மின்சாரக் கால்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஆளுக்கொரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக், காலை ஒட்டியே.

7474 (உங்கள் 74எல்எஸ்74 வகை) பழகிய கை இங்கே ஒரு தப்பு செய்யும். 7474-இல் பிரிசெட் (வெளியீட்டை ஒன்றாக்கும் கால்), கிளியர் (பூஜ்யமாக்கும் கால்) இரண்டையும் மேலே, பிளஸ்ஸில் கட்டுவோம். 4013-இல் அதே வேலைக்கான செட் (6ஆம் கால்), ரீசெட் (4ஆம் கால்) மேலே போனால்தான் வேலை செய்யும். பழக்கத்தில் இரண்டையும் பிளஸ்ஸில் கட்டினால் 1ஆம் கால், 2ஆம் கால் இரண்டிலுமே 12 வோல்ட் நிற்கும், எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது. மீட்டரில் அப்படிக் கண்டால் சிப்பைச் சந்தேகிக்க வேண்டாம்.

பம்பு தானாக ஓடுவது, பம்பை இயக்கும் ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மோட்டாரும் கிளப்பும் மின்னழுத்த உதையால். ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். பம்புக்குக் குறுக்கே அதேபோல 1என்5408. சிப்புகளுக்கு வரும் 12 வோல்ட்டை 100 ஓம் வழியாக எடுத்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட்டும் 15 வோல்ட் ஸீனர் டயோடும் போடுங்கள். 1ஆம் காலிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. சின்ன ரிலே, 400 ஓம் காயில் என்றால் பிசி547 போதும். கார் கடையில் விற்கும் ரிலேயின் காயில் 100 ஓம்கூட இருக்காது. அதற்கு டிப்122 போடுங்கள், 547 கருகிவிடும்.

கேள்வி: பொலிடெக்னிக் புராஜெக்ட் பட்டியலில் 74எல்எஸ்74, 74எல்எஸ்73 என்று இருக்கிறது. கடையில் எச்சி (HC) வகைதான் கிடைக்கிறது. மாற்றிப் போடலாமா? க்ளாக் ஈஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலரிலிருந்து வருகிறது.
— மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: 7474-க்கு எந்த வகையானாலும் கால் அமைப்பு ஒன்றே, போடலாம். ஆனால் 5 வோல்ட்டில் ஓடும் எச்சி சிப், உள்ளீடு 3.5 வோல்ட் வந்தால்தான் ‘ஒன்று’ என்று உறுதியாக ஏற்கும். ஈஎஸ்பி32 தருவது 3.3. வீட்டு மேசையில் ஓடும், விரிவுரையாளர் முன்னால் காலை வாரும். 74எச்சிடி74 வாங்குங்கள், அதற்கு 2 வோல்ட் போதும். அல்லது கையில் உள்ள எச்சி சிப்பையே 3.3 வோல்ட்டில் ஓட்டுங்கள், அதன் எல்லை 2 முதல் 6 வோல்ட். இன்னொன்று: எல்எஸ் சிப்பில் சும்மா விட்ட கால் தற்செயலாக மேலே நின்று உங்களைக் காப்பாற்றியிருக்கும். எச்சியில் அது அலையும், 1, 4, 10, 13 கால்களைக் கட்டாயம் கட்டுங்கள்.

7473-ஐ விட்டுவிடுங்கள். அதன் பிளஸ் 4ஆம் கால், கிரவுண்டு 11ஆம் கால். பழக்கதோஷத்தில் 14, 7 என்று கொடுப்பவர்களே அதிகம். 7473 போல ஜேகே வகை (ஜே, கே என்று இரண்டு உள்ளீடு உள்ள ஃபிளிப்-ஃபிளாப்) வேண்டுமென்றால் 74எச்சி112, 16 கால், பிளஸ் 16, கிரவுண்டு 8. க்ளாக் இறங்கும்போது மாறும், வரைபடத்தில் அதைக் கவனியுங்கள்.

ஆர்டர் செய்யும்போது டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் 74 வரிசைச் சிப் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ‘என்’ என்றால் பிரெட்போர்டில் குத்தலாம், ‘டி’ என்றால் போர்டின் மேல் ஒட்டிப் பற்றவைக்கும் சின்ன உருவம்.

கேள்வி: தைப்பூசக் காவடிக்கு எட்டு எல்இடி வரிசையாக ஏறி இறங்க வேண்டும். 74எச்சி373 போட்டேன், எட்டும் ஒன்றாகவே எரிகின்றன.
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: 373 ஃபிளிப்-ஃபிளாப்பே இல்லை, லாட்ச். 11ஆம் கால் மேலே இருக்கும் வரை கதவு திறந்தே கிடக்கும். ஒன்றின் வெளியீட்டை அடுத்ததன் உள்ளீட்டில் கோத்தால் எட்டையும் ஒரே ஓட்டத்தில் கடந்துவிடும். அதே கால் அமைப்புள்ள 74எச்சி374 ஃபிளிப்-ஃபிளாப், க்ளாக் ஏறும் கணத்தில் மட்டும் பிடிக்கும். ஆனால் அதில் கிளியர் இல்லை, எரியத் தொடங்கும்போது கோலம் கண்டபடி இருக்கும். 74எச்சி273 போடுங்கள், மற்ற கால்கள் எல்லாம் அதே இடம். 1ஆம் காலை மட்டும் 100 கிலோ ஓம் வழியாகப் பிளஸ்ஸுக்கும், 0.1 மைக்ரோஃபாரட் வழியாகக் கிரவுண்டுக்கும் கொடுங்கள். கடைசி வெளியீட்டை 74எச்சி14 சிப்பின் ஒரு கேட்டில் (உள்ளீட்டைத் தலைகீழாக்கும் பகுதி) திருப்பி முதல் உள்ளீட்டில் விட்டால், ஒவ்வொன்றாக எட்டும் எரிந்து ஒவ்வொன்றாக அணையும், சுற்றுக்கு 16 க்ளாக். அதே 74எச்சி14-இன் இன்னொரு கேட்டில் 100 கிலோ ஓமும் 2.2 மைக்ரோஃபாரட்டும் போட்டால் க்ளாக்கும் கிடைத்துவிடும். மிஞ்சிய கேட்டுகளின் உள்ளீடுகள் கிரவுண்டுக்கு. எல்இடி ஒவ்வொன்றுக்கும் 1 கிலோ ஓம்.

பேட்டரிக்கு டபுள்-ஏ மூன்று போதும். புதிய ஆல்கலைன் நான்கு போட்டால் எச்சி சிப்பின் எல்லையான 6 வோல்ட்டைத் தாண்டிவிடும். நான்கு இடம் உள்ள பெட்டிதான் இருக்கிறது என்றால் சார்ஜ் செய்யும் நிக்கல் (NiMH) வகையைப் போடுங்கள், நான்கும் சேர்ந்து 4.8 வோல்ட் அளவில்தான் இருக்கும்.