மலை கருத்துப்போவதற்கு லென்ஸ் காரணமில்லைங்க

கோயம்புத்தூருக்கு மேற்கே ஆலாந்துறைப் பக்கம் சாயங்காலம் 5 மணிக்கு நடந்துபோய் எடுத்த படங்களில் வானம் வெளுத்து, வெள்ளியங்கிரி மலை கரிக்கட்டியாக நிற்கிறது, லென்ஸை மாற்றவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க, காசை மிச்சம் பிடியுங்கள். அங்கே மலை மேற்கில் இருக்கிறது. மாலையில் சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் இறங்குகிறது. நீங்கள் எடுத்தது நிழல் பக்கத்தை.

அதே இடத்துக்குக் காலையில் போங்கள். முதலில் உச்சிப் பாறை மட்டும் சிவக்கும். அப்புறம் வெளிச்சம் மெல்லச் சரிவில் இறங்கி, கடைசியில் பாக்குத் தோப்பின் தலையைத் தொடும். அந்த அரை மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். மலைக்கு நேரெதிரே நின்றால் படம் தட்டையாக வரும். மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் கேமராவைத் தென்மேற்காகத் திருப்புங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து மலையின் மடிப்பெல்லாம் எழுந்து நிற்கும். பனியில் லென்ஸ் பூத்துவிடும், நல்ல துணி ஒன்று பையில் இருக்கட்டும். (நான் ஒருமுறை வேட்டி நுனியால் துடைத்து, எல்லாப் படத்திலும் தீற்றல்.)

மாலையில்தான் முடியும் என்றால் மலை கருப்பாகவே இருக்கட்டும். போன் திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள், முன்னால் ஒற்றைப் பனை கிடைத்தால் போதும்.

ஒன்று மட்டும்: அடிவாரத்தில் யானை நடமாட்டம் உண்டு. இருட்டில் தனியாக நடக்காதீர்கள், ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு வரப்பில் இறங்குங்கள்.